அடுத்த வீட்டு விவேகம்

அடுத்த வீட்டு மாமியார் மருமகள் சண்டைக்கு நம்மிடம் எப்போதும் தீர்ப்பு தயார். "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனா என்னங்க?" என்போம். நம் வீட்டில் குக்கர் மூடியை இடம் மாற்றி வைத்தால் பேச்சுவார்த்தையே நின்றுபோகும்.

உளவியலில் இதற்கு 'சாலொமோன் முரண்' என்று பெயர். ஊருக்கெல்லாம் நீதி சொன்ன சாலொமோன் ராஜாவுக்கு, விவிலியக் கணக்குப்படி, 700 மனைவியர், 300 மறுமனையாட்டியர். மகன் காலத்தில் ராஜ்யமே இரண்டாக உடைந்தது. இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் ஆகிய உளவியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், துணையின் துரோகம் நண்பருக்கு நேர்ந்ததாக எண்ணியவர்கள், தமக்கே நேர்ந்ததாக எண்ணியவர்களைவிட விவேகமாக யோசித்தார்கள். தம்மையே வெளியாளாகப் பார்க்கச் சொன்னதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 'நான்' என்பதை விட்டுவிட்டுச் சொந்தப் பெயர் சொல்லி மனதுக்குள் பேசிக்கொண்டால் பதற்றம் தணிகிறது என்பதும் கிராஸ் குழுவினரின் கண்டுபிடிப்புதான்.

நம் மேடைப் பேச்சாளர்கள் சிலர் காலங்காலமாகத் தங்களைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். விவேகம் கூடியதாகத் தகவல் இல்லை. ஒலிபெருக்கி வைத்துச் செய்வதால் பலன் போய்விடுகிறதோ என்னவோ. நீங்கள் முயல்வதானால் மனதுக்குள்ளேயே முயலுங்கள். சமையலறையில் நின்று சத்தமாகச் செய்தால், வீட்டார் உங்களை வேறு வகை மருத்துவரிடம் அழைத்துப் போய்விடுவார்கள்.