ஒரு அடையாறு, பாஸ் பண்ணுங்க!

சென்னையில் பஸ் ஸ்டாப் என்பது பஸ் நிற்காத இடம். நிழற்குடைக்கு ஐம்பதடி முன்னால் நிற்கும், இல்லாவிட்டால் ஐம்பதடி தள்ளி நிற்கும். இடையில் ஓடுவது பயணியின் பொறுப்பு. அரை மணி நேரம் தலைகாட்டாத வண்டி, வரும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு வரும். முன்னதில் மூச்சுவிட இடமிருக்காது, பின்னது காலி. நாம் முண்டியடித்து ஏறுவது எப்போதும் முன்னதில்தான். ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்பதை நிதானமாகப் படிக்க வாய்ப்பதும் படியில்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்வாசலில் ஏறியவர் “ஒரு அடையாறு” என்று நீட்டும் ஐம்பது ரூபாய், முகம் தெரியாத ஏழெட்டுக் கை மாறிப் பின்சீட்டுக் கண்டக்டரிடம் போகிறது. டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகப் பைசா குறையாமல் திரும்புகின்றன. ரசீது கிடையாது, ஓடிபி கிடையாது.

ஆகவே, பஸ்ஸைத் தாராளமாகத் திட்டுங்கள், பயணிகளைத் திட்டாதீர்கள். திட்டும்போது அப்படியே கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்கள், புண்ணியமாப் போகும்.