எஞ்சின்களின் சமரசம்

கேள்வி: பேசும் ரயில் கதைகளைப் பார்த்துக் குழந்தைகள் விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்வார்களா?

பதில்: தாமஸ் ரயில் கதை வரிசையின் முதல் புத்தகத்தை (1945) எழுதியவர் ஆட்ரி என்ற இங்கிலாந்துப் பாதிரியார். தட்டம்மை கண்ட மகனுக்குச் சொன்ன கதைகள். அந்தப் புத்தகத்தில், மழை பட்டால் பெயின்ட் கெட்டுவிடுமென்று ஹென்றி எஞ்சின் சுரங்கத்துக்குள்ளேயே நின்று அடம்பிடிக்கிறது. வாதாடிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. குறுக்கே செங்கல் சுவர் எழுப்பிவிட்டார்கள்! (குழந்தைக் கதைதான், நம்புங்கள்.) பிறகு கார்டன் எஞ்சின் நடுவழியில் படுத்துக்கொண்டது, அதன் ரயிலைத் தனியே இழுக்க எட்வர்ட் எஞ்சினுக்குத் தெம்பில்லை. உடனே சுவரை இடித்தார்கள். ஹென்றியும் எட்வர்டும் சேர்ந்து இழுத்து ரயிலைக் கரைசேர்த்தன. ஹென்றிக்குக் கேட்ட நிறத்தில் புதுப் பெயின்ட்! ஆக, விட்டுக்கொடுத்து இறங்கிவந்தது ரயில் நிர்வாகம்தான்.