ஒரு செட்டு அர்த்தம்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஆனால் 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற சொல்லுக்கு 430 அர்த்தம். விளக்கம் மட்டும் சுமார் 60,000 வார்த்தை. பிற்பாடு 'ரன்' வந்து அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 அர்த்தம் தேறியதாம். பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் ஒன்பது மாதம் அதிலேயே கிடந்திருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு ஒரு நடை வந்திருந்தால் செட்டு தோற்றிருக்காது.

காலையில் தயிர் செட் ஆகவில்லை என்றால், ராத்திரி உறை ஊற்றிய அடியேனுக்கு அர்ச்சனை. மாமனாரின் பல் செட்டைக் காணோம் என்றால் தேடுவதும் அடியேன்தான். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது புடவைக்கு ரவிக்கை செட் ஆகாது. போய்ச் சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்து, மைக் செட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். என் சட்டையைப் பார்த்து மகன், "இது உங்களுக்கு செட் ஆகலப்பா" என்பான். தொப்பை என்ற சொல்லை அவன் இதுவரை வாயால் சொன்னதில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை.

மாடியில் ஓர் அறை கட்டினோம். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் இறுகத் தொடங்கக் குறைந்தது 30 நிமிடம், இறுகி முடிய அதிகபட்சம் 600 நிமிடம் என்பது இந்தியத் தர விதி. எங்கள் கொத்தனாரோ, "செட் ஆகட்டும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனால் அமாவாசை கழித்துத்தான் தலைகாட்டுவார். அவர் அகராதியில் அதற்கு 'அட்வான்ஸ் வந்தாச்சு' என்று பொருள்.

ஒருவழியாக அறை முடிந்தது. பூரிப்பில் நண்பனுக்குப் போன் போட்டேன்: "மாடியில தனியா ஒரு செட்டப் வெச்சிருக்கேன்டா. சாயங்காலம் ஆனா அங்கதான்!"

கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரின் கை அப்படியே நின்றது. அரை மணியில் மச்சினன் பைக்கில் வந்து இறங்கினான். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினான். அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுற்றும்போது கழுத்து பிடித்துக்கொள்ளும் டேபிள் ஃபேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்றபடி இறங்கி வந்தான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

அடுக்களையிலிருந்து என் மனைவி தலையை மட்டும் நீட்டினாள். "இதுக்குப் போய் அவனை வரவழைச்சியா? அதெல்லாம் இவருக்கு செட்டே ஆகாதும்மா!"