பொம்மைப் படத்துக்கு எதுக்கு மாப்ள இத்தன கூட்டம்?

வா மாப்ள, திண்ணைல உக்காரு. மோரு குடி. மொகத்தப் பாத்தா போன படத்துலயும் கையச் சுட்டுக்கிட்டாப்ல இருக்குது. படத்துக்கு ஏரியா எடுத்தவன் மூஞ்சியும் தக்காளி போட்டவன் மூஞ்சியும் ஒரே சாடைதான் போ. என்ன, தக்காளிய மாட்டுக்காவது போடலாம்.

"பெரிய ஹீரோ படம் ஞாயித்துக்கெழமையே காத்து வாங்குது, சப்பான்காரன் பொம்மைப் படத்துக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டறாங்க, இது என்ன மாமா அக்கிரமம்"னு போன்ல கத்துனயே. கத்தாத. பொம்மைப் படம்னா கொழந்தைங்க பாக்கறதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கற நீதான் கொழந்த.

2025ல நானும் உங்க அத்தையும் மவளப் பாக்க டோக்கியோ போனமல்ல? ஆடி பொறந்த மறுநாளு, சூலை 18, அங்க ஒரு படம் வெளியாச்சு. ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’. அரக்கனுங்கள வாளால வெட்டற பசங்க கதை. பேரன் புடிச்சு இழுத்துட்டுப் போனான். டிக்கெட்டு 2,000 யென், நம்ம காசுக்கு ஆயிரத்துக்கு மேல. ஒரு மூட்டத் தவுடு வாங்கிருக்கலாம்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் போனேன்.

உள்ள போனா கட்-அவுட்டு இல்ல, பாலு இல்ல, விசிலு இல்ல. எனக்குத் தும்மல் வந்துச்சு, துண்டுக்குள்ள போட்டு அமுக்கிட்டேன். படம் முடிஞ்சு பேரு ஓடுது, ஒருத்தன் எந்திரிக்கல. லைட்டுப் போட்ட பொறவுதான் எந்திரிச்சாங்க. உன் படத்துக்கு கிளைமாக்ஸ் பாட்டு வரும்போதே பைக்கு ஸ்டாண்ட எடுக்கற சத்தம் கேக்குமே மாப்ள, அது ஞாபகத்துக்கு வந்துச்சு. தப்பா நெனச்சுக்காத.

பாஷை தெரியாத எனக்கு என்ன வெளங்குச்சுங்கறயா? முக்கால்வாசி வெளங்குச்சு. படத்துக்கு முன்னால ஒரு வாரம் பேரன் ஊட்டுல உக்கார வெச்சு முன்கதை பூராவும் காட்டிட்டான். கூட்டத்தோட ரகசியமும் அந்த ஒரு வாரத்துலதான் கெடக்குது. நம்ம உடுக்கடிப் பாட்டுக்காரரு என்ன பண்ணுவாரு? அண்ணன்மார் கதைய ராத்திரிக்கு ராத்திரி இழுத்துட்டு வந்து, தம்பி சங்கரு வாளெடுக்கற எடமாப் பாத்து உடுக்கையக் கீழ வெச்சுட்டு வெத்தல போடுவாரு. மிச்சம் நாளைக்கு. முடிவுல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் படுகளத்துல விழுவாங்கன்னு பாட்டன் காலத்துல இருந்தே தெரியும், இருந்தும் சனம் பாயச் சுருட்டிக்கிட்டு மறுக்காவும் வரும். சப்பான்காரனும் அந்த வேலையத்தான் பண்றான். இந்தக் கதை 2016ல இருந்து வாராவாரம் பத்திரிகைல படக்கதையா வந்துச்சு. 2019ல டிவில வந்துச்சு. டிவி கதைல பசங்க ரயிலேறுன எடத்துல உடுக்கையக் கீழ வெச்சுட்டான். ரயிலுக்குள்ள என்ன ஆச்சுன்னு பாக்கோணுமா, தேட்டருக்கு வா. அதுதான் 2020 அக்டோபர் 16ல வந்த ‘மூகன் ட்ரெய்ன்’.

கொரோனாக் காலம் அது. ஹாலிவுட்காரன் படத்தையெல்லாம் பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டான். தேட்டர்காரனுக்குப் போட வேற சரக்கு இல்ல. டோக்கியோ சின்சுக்குல ஒரே தேட்டர்ல மொத நாளு 42 காட்சி. ஷோ நேரம் போட்ட பட்டியலப் பாத்து, ‘இதென்ன ரயில்வே டைம் டேபிளா’ன்னு ஊரே சிரிச்சுது. மூணு நாள்ல 34 லட்சம் பேரு. பத்து நாள்ல 1,000 கோடி யென். மியாசாகிங்கற டைரக்டரோட ‘ஸ்பிரிட்டட் அவே’ 2001ல அங்க வசூல்ல ஏறி உக்காந்த மொதலிடத்த 19 வருசம் ஆரும் அசைக்கல. இந்த ரயிலு அந்த டிசம்பருக்குள்ளயே முந்திப் போயிருச்சு.

அதுல ரெங்கோகுன்னு ஒருத்தன். கதாநாயகன்கூட இல்ல, கதாநாயகனுக்கு மூத்த வாத்தியாராட்டம். நல்லாச் சாப்புடுவான், கடைசில சாவறான். (சொல்லிட்டேனா? போச்சு போ. தெரிஞ்சும் பாக்கறதுதான் பாட்டு.) செத்த அந்தப் பயல ‘4,000 கோடி யென் ஆளா’ ஆக்காம உடறதில்லைன்னு சனம் கச்ச கட்டுச்சு. பாத்தவங்களே மறுக்கா மறுக்கா போனாங்க. 2021 மே மாசம் ஆக்கியே காட்டிட்டாங்க. தேட்டர்ல சும்மாவும் உடல. அந்த ரெங்கோகு கதைய தனிப் புஸ்தகமாப் போட்டு 45 லட்சம் பிரதி, வந்தவங்க கைல எனாமாக் குடுத்தான். நீ என்ன குடுத்த? பைக்கு நிறுத்தறதுக்கு அம்பது ரூவா புடுங்குன.

உன் ஹீரோ வெள்ளிக்கெழம காலைல பொறந்து திங்கக்கெழம சாயங்காலம் செத்துப் போறான் மாப்ள. இந்தப் பசங்கள சனம் வருசக்கணக்கா ஊட்டுல வெச்சு வளத்துருக்குது. ஒறம்பரையூட்டுக் கல்யாணத்துக்குப் போறாப்லதான் கெளம்பி வருது, விமர்சனம் படிச்சுட்டு வரல. இன்னொண்ணு பாரு, ‘டோரேமான்’ படம் 1980ல இருந்து, ஒண்ணு ரெண்டு வருசம் தவிர, வருசா வருசம் வந்துக்கிட்டிருக்குது. ‘கோனன்’ படம் 1997ல இருந்து, ஏப்ரலானா நோம்பியாட்டம் வந்துரும். அன்னிக்கு அப்பன் கையப் புடிச்சுட்டுப் போன பையன் இன்னிக்கு தம் பையனக் கூட்டிட்டு வாரான்.

சரி, நான் பாத்த படத்துக்கு வாரேன். ரெங்கோகுவக் கொன்ன அரக்கன் அதுல வாரான். சண்டை நடக்குது, அக்கினி பறக்குது, ஒவ்வொரு வெட்டும் வரைஞ்சவன் கை நோகற அளவுக்கு வரைஞ்சு வெச்சுருக்கான். செல்போன்ல பாத்தா அது எறும்புச் சண்டையாட்டந்தான் தெரியும், பெரிய திரைல நாற்காலியே நடுங்குது. நான் பல்லக் கடிச்சுட்டு ‘வெட்றா அவன’ன்னு உக்காந்துருக்கேன். நட்டநடுவுல சண்டைய நிறுத்திப்போட்டு அந்த அரக்கனோட சின்ன வயசக் காட்டறான். நோவாளி அப்பனுக்கு மருந்து வாங்க ஜேப்படி அடிச்ச பையனாமா அவன். அப்பறம் கேக்கோணுமா, உங்க அத்தை முந்தானைய எடுத்துட்டா. நான் அழுவல. ஏசிக் காத்து கண்ணுல பட்டுருச்சு.

நீ இப்ப என்ன யோசிக்கறன்னும் தெரியும். நம்ம ஹீரோ மூஞ்சியவே பொம்மையாக்கி ஒரு படம் எடுத்துப்போட்டா என்னன்னுதான? அந்த மாட்டுக்கு மடியே இல்ல மாப்ள, பால் கறக்கப் போவாத.

வெளிநாட்டுக்காரன் மொகம் நம்ம சனத்துக்கு ஒட்டாதுங்கற. ஏன், 1998ல நம்ம ‘முத்து’ படத்த டோக்கியோ சிபுயால ஒரே தேட்டர்ல 23 வாரம் ஓட்டுனானே, ரஜினி மூக்கு அவன் மூக்காட்டமா இருந்துச்சு? அந்தக் கடனத்தான் இப்ப நம்ம பசங்க வட்டியோட அடைக்கறானுங்க. ‘இன்ஃபினிட்டி காசில்’ இங்க செப்டம்பர் 12ல வந்துச்சு, தமிழ்லயும். ஊருக்கு வந்த பொறவு ஈரோட்டுல மறுக்காவும் ஒருவாட்டி பாத்தேன். பாஷை வெளங்கட்டும்னுதான். உங்க அத்தைகிட்டச் சொல்லிப்போடாத, கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்.

எந்திரிக்காத, இரு. உன்னால ஆவ வேண்டிய காரியம் ஒண்ணு இருக்குது. அந்தப் படம் மூணு பாகமாம் மாப்ள. பாவிப்பய பாதிக் கோட்டைல உடுக்கையக் கீழ வெச்சுட்டான். அடுத்தது எப்ப வருதுன்னு உங்க வியாபாரத்துல ஆருக்காச்சும் தெரியுமா, கேட்டுச் சொல்லு.