கார்டு கொள்ளியல்: வட சிலாங்கூர் வழக்குகளை முன்வைத்து

மனைக்கு அடிக்கணக்கும் மாட்டுக்குச் சுழிக்கணக்கும் எழுதிவைத்த நம் முன்னோர், கேமிங் கணினிக்குக் கிராஃபிக் கார்டு கொள்ளும் முறைபற்றி ஒரு வரியும் விட்டுப்போகவில்லை. எழுதவில்லையா, எழுதியதைக் கரையான் தின்றதா என்பது தனி ஆய்வுக்குரியது. அந்த ஆய்வு முடியும்வரை மலேசியாவின் கோல சிலாங்கூர்ப் பையன்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே இவ்வியல்.

ஆய்வெல்லை: தெற்கே ஈஜோக், வடக்கே சபாக் பெர்ணம், மேற்கே கடல். கிழக்கெல்லை பெஸ்தாரி ஜெயா. 2007இல் அரசாங்கம் சூட்டிய அந்தப் பெயரைப் பெரியவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளாமல் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லிவருவதால், கூரியரில் வரும் கார்டுக்கு ஒரு பெயரும் அதை வாங்கிவைக்கும் தாத்தாவுக்கு ஒரு பெயரும் தேவைப்படுகின்றன.

இவ்வட்டாரம் புதுச் சரக்கைத் துணிந்து இறக்கிப் பார்க்கும் மரபுடையது. 1917இல் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். இந்த நாட்டில் அதுவே முதல். அதுவரை செம்பனை துரை வீட்டுச் சாலையோரத்தில் அழகுக்கு நின்ற மரம். அவர் பிற்பாடு நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசு பெற்றார் என்பது நம் பொருளுக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் ஆய்வுக் கட்டுரை என்றால் சம்பந்தமில்லாத பிரெஞ்சுப் பெயர் ஒன்றாவது இருக்க வேண்டும். சம்பந்தமுள்ளது இதுதான்: அழகுக்கு வந்த பொருள் ஒருநாள் சோறு போடும் என்ற நம்பிக்கை இந்த மண்ணில் அன்றே வேர்விட்டுவிட்டது. இன்று கார்டு கேட்கும் ஒவ்வொரு பையனும் “கேமுக்கு இல்லப்பா, வீடியோ எடிட்டிங்குக்கு. கல்யாண வீடியோ பண்ணிக் காசு பாக்கலாம்” என்று தொடங்குவது அந்த நம்பிக்கையின் எச்சமே.

கார்டின் தரத்தை அளப்பதில் இங்கே இரண்டு பெரும் பள்ளிகள் உள. முதலாவது எடைப் பள்ளி. இதன் ஆசிரியர்கள் தந்தையர். செம்பனைக் குலையை எடைபோட்டுக் கூலி வாங்கியே ஆயுளில் பாதியைக் கழித்தவர்கள், எந்தப் பொருளைக் கண்டாலும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு “எத்தன கிலோ வரும்?” என்று கேட்பது இயல்பு. பையன்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. கார்டின் எடையில் பெரும்பகுதி வெப்பத்தை வாங்கி வெளியே தள்ளும் உலோகம். 2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090, 450 வாட் குடிக்கும். அதைக் குளிரவைக்க வேண்டி அந்தக் கார்டுகளில் பல இரண்டு கிலோவைத் தாண்டின. செருகிய இடத்தில் நிமிர்ந்து நிற்க முடியாமல் அவை தலை தொங்குகின்றன. இத்தொங்கலுக்கு வெளிநாட்டார் தனித் தாங்கி செய்து விற்கிறார்கள். நம் பக்கத்தில் தீர்ந்துபோன கோடாலித் தைலப் புட்டியை நிறுத்திவைக்கும் வழக்கமுண்டு. மேலே கார்டு, கீழே தைலம்; கணினிக்கு இடுப்புப் பிடிப்பு என்று கேட்டவரிடம் சொல்லிவிடலாம்.

எடைப் பள்ளியின் பலவீனம் விலையில் வெளிப்படும். 2023 ஜூனில் ஆர்டிஎக்ஸ் 4060 வந்தபோது அதன் விலை 299 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 1,300 மலேசிய வெள்ளிக்கு மேல். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது 1,500 வெள்ளி. இரண்டு விசிறி வைத்த, ரொட்டிப் பொட்டலம் அளவே உள்ள பொருளைக் கையில் தூக்கிய தந்தை கேட்கும் கேள்விக்கு எந்த யூடியூப் விமர்சகரிடமும் பதில் இல்லை. பதில் வராவிட்டாலும் பணத்துக்கு ஒரு வழி வந்தது: 2024 மே 11 அன்று ஊழியர் சேமநிதி வாரியம் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கத்தக்க மூன்றாம் கணக்கைத் திறந்தது. மாதச் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு அதில் விழும். இந்தச் செய்தி தோட்டப்புற வீடுகளுக்கு எந்த வழியில் வந்தது என்று விசாரித்தால், சந்தா கட்டுகிறவருக்கு முன்னால் அவருடைய மகனுக்குத் தெரிந்திருந்தது என்பது தெரியவரும்.

இரண்டாவது விசிறிப் பள்ளி. இதன் ஆசிரியர்கள் தாய்மார். தோட்டத்து ஜெனரேட்டர் கரண்ட் மாலையில் வந்து இரவில் நின்றுபோன காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் என்பதால், இவர்களுடைய அளவையில் வாட் என்பது கிடையாது; கூரை விசிறியே அலகு. ஒரு விசிறி ஏறத்தாழ 75 வாட். இக்கணக்குப்படி ஜிடிஎக்ஸ் 1650 சரியாக ஒரு விசிறி. 4060 ஒன்றரை விசிறி. அதற்கு முந்தைய 3060 இரண்டேகால் விசிறி. 2025 ஜனவரியில் வெளிவந்த 5090, 575 வாட். ஏழரை விசிறிக்கும் மேல். இத்தனை விசிறியை ஒரே அறையில் போட்டும் அந்த அறை குளிராது, கொதிக்கும் என்பதே விசிறிப் பள்ளி எழுப்பும் முதல் தடை. தர்க்கத்தில் இதற்கு மறுப்பில்லை.

பணத்திலும் கணக்குப் பார்த்தோம். 2014 தொடங்கி 2025 நடுவரை நடப்பிலிருந்த வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 காசு, அடுத்த 100க்கு 33.40, அதற்கடுத்த 300க்கு 51.60. குளிர்பதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் முதல் படிகளைத் தின்றுவிடுவதால் கார்டு மூன்றாம் படியில்தான் உட்காரும். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஆடினால் 4060 மட்டும் மாதத்துக்கு 17.25 யூனிட், அதாவது 8 வெள்ளி 90 காசு. 3060 என்றால் 13 வெள்ளி 16 காசு. வித்தியாசம் 4 வெள்ளி 26 காசு. மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரே. உலகத்தின் தலைசிறந்த பொறியாளர்கள் இரண்டாண்டு உழைத்துச் செய்த சிக்கனம் இங்கே ஒருவேளைப் பசியாறலுக்குச் சமமாகிறது. இதில் தாய்மார் அடையும் நிறைவு அப்பொறியாளர்கள் அடைந்ததைவிடப் பெரிது என்றே தோன்றுகிறது.

மின்சாரம் பற்றிய தாய்மார் அச்சத்துக்கு இன்னொரு மூலமும் உண்டு. 2021 ஜூலையில் சரவாக்கின் மிரி நகரில், திருட்டு மின்சாரத்தில் ஓடிய 1,069 பிட்காயின் இயந்திரங்களைப் போலீசார் சாலை உருளையை ஏற்றி நசுக்கினார்கள். அவை கிராஃபிக் கார்டுகள் அல்ல. இதைப் பையன்கள் எத்தனை முறை விளக்கியும் பயனில்லை. அந்தப் படம் வாட்சாப்பில் சுற்றிவந்த வீடுகளில் கணினிப் பெட்டிக்குள் விளக்கெரிந்தாலே உருளை நினைவுக்கு வருகிறது.

இனி உட்பூசல். பையன்களுக்குள்ளேயே எண்மர், பன்னிருவர் என இரு பிரிவுண்டு. வடகலை தென்கலைச் சண்டை இதனிலும் சற்று நாகரிகமாக நடந்திருக்கும். 2021 பிப்ரவரியில் வந்த 3060க்கு 12 ஜிபி நினைவகம். இரண்டாண்டு கழித்துப் பிறந்த 4060க்கு 8 ஜிபி. தம்பிக்கு மூளை சிறுத்தது எப்படி? காரணம் பாதையின் அகலத்தில் இருக்கிறது. 3060இன் நினைவகப் பாதை 192 பிட்; அதில் ஆறு சில்லுகள் உட்காரும். அக்காலச் சில்லுகளை வைத்து ஆறோ பன்னிரண்டோதான் கட்ட முடியும். ஆறு என்றால் ஊர் சிரிக்கும், எனவே பன்னிரண்டு. 4060க்குப் பாதை 128 பிட், சில்லு நான்கு, ஆக எட்டு. அண்ணன் விநாடிக்கு 360 ஜிபி இழுப்பான், தம்பி 272. இதை ஈடுகட்டத் தம்பிக்குள் 24 எம்பி இடைநினைவகம் வைத்தார்கள். அண்ணனுக்கு அது 3 எம்பிதான். எண்மர் கட்சி இத்தோடு வாதத்தை முடித்துக்கொள்ளும்.

ஆனால் தாய்ப்பலகையோடு பேச அண்ணனுக்கு 16 தடம், தம்பிக்கு 8 தடம். புதுப் பலகையில் இதனால் குறையில்லை. இவ்வட்டாரத்தில் புதுப் பலகை வைத்திருப்பவன் யார்? தடங்கள் மூன்றாம் தலைமுறையாக உள்ள பழைய பலகையில் அந்த எட்டும் பாதி வேகத்தில் ஓடும். நினைவகம் நிரம்பி வழிகிற விளையாட்டுகளில் தம்பி திக்கத் தொடங்குவான். ஆகவே இவ்வாய்வாளர் பன்னிருவர் பக்கம். 4 வெள்ளி 26 காசை அவர் ஏற்கத் தயார்.

பழைய கார்டு வாங்குவது பதிப்பியலின்பாற்படும். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மின்நாணயம், கார்டுகளைக் கணக்குப் போடவைத்து நாணயம் எடுக்கும் முறையைக் கைவிட்டதும், அதுவரை கார்டுகளை இரவு பகலாக உழவைத்தவர்களுக்கு அவற்றால் பயனில்லாமல் போனது. ஓய்வுபெற்ற அந்தக் கார்டுகள் “ஒரே ஆள் பாவித்தது, சும்மா கல்யாண வீடியோதான்” என்ற முகவுரையோடு சந்தைக்கு வந்தன. இவற்றில் மூலச் சுவடி எது, இடைச்செருகல் எது என்று பார்க்கத் தெரிய வேண்டும். எடுத்துக்காட்டு: 2017இல் வந்த ஆர்எக்ஸ் 580இன் மூலப் பிரதியில் 2,304 செயலிகள் உண்டு. சீனச் சந்தைக்காக 2018இல் இறக்கப்பட்ட பாடபேதத்தில் 2,048. இது அடிப்படையில் 570தான்; பெயரில் மட்டும் 580. மலிவு விலையில் கூரியரில் வருவது பெரும்பாலும் இந்தப் பாடமே. இதைவிடத் துணிந்த போலிகளும் உண்டு: பத்தாண்டுப் பழைய ஜிடிஎஸ் 450இன் உள்ளெழுத்தை மாற்றி 1050 டிஐ என்று பேசவைத்தவை. ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவி இவற்றின் பெயருக்கு முன்னால் போலி என்று தானே முத்திரை குத்திவிடும். உ.வே.சாமிநாதையருக்கு இப்படியொன்று கிடைத்திருந்தால் எத்தனை ரயில் பயணம் மிஞ்சியிருக்கும்! செம்மண் புழுதியும் பல்லி எச்சமும் கார்டில் இருந்தால் அஞ்ச வேண்டாம்; அது உள்ளூரில் வாழ்ந்ததற்கான சான்று. துடைத்து வைத்தாற்போல் பளபளத்து, வெப்பப் பட்டைகளிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

விளக்கியலுக்கு வருவோம். இன்றைய கார்டுகள் வண்ணவண்ணமாக மினுக்கும். பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு வைப்பது அதற்காகவே. தாய்ப்பலகை ஏசுஸ், கார்டு எம்எஸ்ஐ, நினைவகம் வேறொன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள். மூன்றும் ஒன்றையொன்று மதிக்காமல் மூன்று தாளத்தில் மினுக்கும். இங்கிருந்து மோட்டாரில் போகும் தூரத்தில், கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் டெரோப்டிக்ஸ் டெனர் என்னும் மின்மினிகள் எந்த மென்பொருளும் பதிவிறக்காமல் மரம் முழுதும் ஒரே தாளத்தில் மினுக்குகின்றன. அதைப் பார்க்கப் படகுக்குக் காசு கொடுத்து வெளிநாட்டார் வருகிறார்கள். பையனின் பெட்டியைப் பார்க்க அடுத்த வீட்டுப் பையன்தான் வருகிறான்.

இத்தனை பள்ளிகளையும் பூசல்களையும் ஆராய்ந்தபின் கண்ட உண்மை: கார்டை இவர்களில் எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. பெட்டி தேர்ந்தெடுக்கிறது. தோட்டப்புறத்திலும் அதை ஒட்டிய மலிவு வீட்டுத் தாமான்களிலும் முதல் கணினி என்பது பெரும்பாலும் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ். அதில் 7010இன் ஒல்லி வகையை எடுத்துக்கொள்வோம். உள்ளே 240 வாட் மின்பெட்டி. கார்டுக்கென்று தனி மின்கம்பி கிடையாது. செருகுமிடம் தரும் 75 வாட்தான் மொத்த ரேஷன். உயரமும் பாதி. முழுக் கார்டு உள்ளே போகாது. ஆக மிஞ்சுவது அரை உயர 1050 டிஐ, அரை உயர 1650, 53 வாட்டில் பிழைக்கும் ஆர்எக்ஸ் 6400 போன்றவை. இதில் 6400க்குத் தடமே நான்குதான். பழைய பலகையில் அது அரைப்பட்டினி. மாதக்கணக்கில் இரவு விழித்து 4090க்கும் 4080க்கும் விமர்சனம் பார்த்து, இரு கட்சிக்கும் ஆளாகிச் சண்டைபோட்டு, நட்பு முறித்த பையன் கடைசியில் வாங்குவது 2016இல் வந்த 1050 டிஐ. ஒரு விசிறி. தாய்மார் கட்சி வாக்கெடுப்பே இல்லாமல் வென்றுவிடுகிறது.

இதில் வருந்தவும் ஒன்றுமில்லை. அவன் ஆடப்போவது வாலரண்ட். 2020இல் அது வெளியானபோது அதைச் செய்த ரயட் நிறுவனமே, நொடிக்கு 144 படங்களுக்கு 1050 டிஐ போதும் என்றது. குறைந்தபட்சத் தேவையாக அது சொன்னதோ இன்டெல் எச்டி 4000. நொடிக்கு 30 படம். 7010இல் மூன்றாம் தலைமுறை ஐ7 செயலி இருந்தால் அந்த எச்டி 4000 ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது, ஒரு காசு செலவில்லாமல்.

ஒரு வீட்டில் இது முழுமையாக மெய்ப்பிக்கப்பட்டது. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தாமான் வீடு, ஐ7 பெட்டி, 1050 டிஐ வந்து சேர்ந்து செருகப்பட்டது. ஆனால் பெட்டியோடு வந்த பழைய மானிட்டரின் பின்புறம் இருந்தது நீல நிற விஜிஏ துளை ஒன்றுதான். 1050 டிஐயில் விஜிஏ இல்லை. மாற்றி ஒன்று வாங்க வேண்டும். பையன் அதற்குச் சொல்லிவைத்திருந்தான். மாற்றி வரும்வரை கார்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, மானிட்டர் கம்பியைப் பெட்டியின் சொந்த விஜிஏ துளையிலேயே மாட்டி ஆடிக்கொண்டிருந்தான். மாற்றி வரத் தாமதமாயிற்று. இடையில் ஒருநாள் ஆட்டம் நடுவில் இருக்கையில் வானம் இருட்டி, “டேய், இடி இடிக்குது, பிளக்கக் கழட்டு!” என்று அடுக்களையிலிருந்து கட்டளை வந்தது. பாதியில் போனால் ரயட் தண்டனை கொடுக்கும், போகாவிட்டால் அம்மா கொடுப்பார். பையன் பிளக்கைக் கழற்றினான். அந்த ஓய்வில்தான் அம்மா கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“சும்மா பயந்துட்டேன்டா. இந்தக் கார்டு வாங்குனதுலேருந்து பில்லு ஏறவே இல்ல. நல்ல கார்டுதான் போல. சித்தி மகனுக்கும் இதையே வாங்கச் சொல்லிட்டேன்.”