மாசி மாதத்து ஸ்வெட்டர்: கோவை – உதகைப் பயணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கோவையில் உறவினர் வீட்டில் இரண்டு நாள், நீலகிரியில் இரண்டு நாள் என்று போடப்படும் குடும்பப் பயணத் திட்டங்களில் ரயில், அறை, சாப்பாடு மூன்றும் அலசப்பட்டுவிட்டன. ஸ்வெட்டர் யார் பையிலிருந்து புறப்பட்டு யார் உடம்பில் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் அறிவுலகம் இன்னும் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. காலம்

ஆண்டை ஆறு பருவமாக வகுத்த முன்னோர் மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றனர். மார்ச் மாத மதியத்தில் கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நின்றவர் எவரும் அந்தக் குழுவில் இருந்திருக்க முடியாது. அங்கே வெயில் 35 டிகிரியைத் தொடும். அன்றிரவே உதகையில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். முன்னோர் உதகையில் உட்கார்ந்துதான் பருவம் வகுத்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது.

இருந்தும் இந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. மே மாத மலர்க் கண்காட்சி வந்துவிட்டால் மலையில் மலரைவிட மனிதத் தலைகளே அதிகம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வந்தது. விண்ணப்பத்தில் வண்டி எண், ஆட்கள், தங்கும் நாட்கள் எல்லாம் கேட்கப்படுகின்றன. எத்தனை ஸ்வெட்டர் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

3. சிந்தனை மரபுகள்

முதலாவது பெரியம்மா மரபு. “மலைன்னா குளிரத்தான் செய்யும், ஆளுக்கு ஒண்ணு எடுத்து வைங்க” என்பது இதன் மூலவாக்கியம். இரண்டாவது, அவருடைய தம்பியான மாமாவின் மரபு. “இந்த வெயில்ல ஸ்வெட்டரா? பார்த்தாலே வேர்க்குது” என்பதோடு இம்மரபின் வாதம் முடிகிறது. மங்கி குல்லா மட்டும் போதும் என்னும் சமரச மரபொன்றும் உண்டு. புகைப்படம் எடுக்கும் பழக்கம் பரவியபின் இளைய தலைமுறையில் அதற்கு ஆதரவாளர் இல்லை.

4. பௌதிகம்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் சுமார் 326 மீட்டர் உயரத்திலும், உதகை நிலையம் 2,203 மீட்டரிலும் உள்ளன. ஆகவே ரயில் ஏறி இறங்குவதற்குள் ஏறக்குறைய 12 டிகிரி காணாமல் போகிறது. மாமா மரபு இந்தக் கணக்கை மறுக்கவில்லை. தனக்குப் பொருந்தாது என்று மட்டும் கூறுகிறது.

5. மலை ரயிலின் பங்கு

சிக்கலை முற்றவைப்பது மலை ரயில். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் உதகை வரைக்கும் வந்த பாதை இது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏற்றம். தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்சட்டத்தைக் கவ்வியபடி, எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. 46 கிலோமீட்டர் போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆவதால், குளிர் வந்த கணம் எது என்று எவராலும் சொல்ல முடிவதில்லை.

எனினும் அறிகுறிகளை நிலையவாரியாகக் குறிக்கலாம். கல்லாற்றில் பாக்குத் தோப்பைப் பார்த்தபடி விசிறிக்கொள்ளுதல். ஹில்குரோவில் குரங்குகளுக்குப் பயந்து முறுக்குப் பொட்டலத்தை மறைத்தல். குன்னூரில் கையைக் கட்டிக்கொள்ளுதல். வெலிங்டனில் ஜன்னலைச் சாத்தச் சொல்லுதல். லவ்டேலில் மௌனம்.

ஸ்வெட்டரோ பெட்டியின் ஆக அடியில் இருக்கும். “மேலே போனபிறகுதானே வேணும், அடியில வை” என்று கட்டும்போதே முடிவாகியிருக்கும்.

6. முதன்மைத் தேற்றம்

வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாயும் என்பது வெப்ப இயக்கவியல். ஸ்வெட்டர் கொண்டுவந்தவரிடமிருந்து கொண்டுவராதவருக்குப் பாயும் என்பது நமது தேற்றம்.

நிரூபணம்: 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்தில் காற்று வீசுகிறது. மாமா எதுவும் கேட்பதில்லை. “குளிரெல்லாம் ஒண்ணுமில்லக்கா” என்கிறார். அந்த வாக்கியத்தின் நடுவே பல் தந்தியடிக்கிறது. பெரியம்மா ஸ்வெட்டரைக் கழற்றி, “போட்டுக்கடா, எனக்கு வேர்க்குது” என்கிறார். தொட்டபெட்டா உச்சியில் வியர்ப்பதாகச் சொல்லும் மனிதர்கள் இவ்வகையினர் மட்டுமே.

கிளைத்தேற்றம்: அவர் இரண்டு எடுத்து வந்தால் இரண்டாவது, மாமா மகனுக்குப் போகும். மூன்று என்றால் வேன் டிரைவருக்கு. எத்தனை எடுத்து வந்தாலும் பெரியம்மாவுக்கு மிஞ்சுவது சேலைத் தலைப்பு.

7. மறுப்பும் பரிந்துரையும்

ஒருவருமே கொண்டுவராவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கு விடையாகத் தாவரவியல் பூங்காவுக்கு அருகே திபெத்தியர் கடைகள் இருக்கின்றன. அங்கே மாமா பேரம் பேசி ஒன்று வாங்குவார். கோவை திரும்பியதும் அது பீரோவுக்குள் போகும். அடுத்த மாசியில், புதுசு அழுக்காகிவிடும் என்று வீட்டிலேயே விடப்படும்.

மலை ரயிலுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. திட்டமிடுவோர் அன்றே ஸ்வெட்டர் விவாதத்தையும் தொடங்கிவிடலாம். முடிவு மாறப்போவதில்லை, ஆனால் பொழுது நன்றாகப் போகும்.

கொண்டுவந்தவரே அணிய வழியுண்டா? உண்டு. தம்பி வாய் திறப்பதற்கு முன்பே அக்கா “எனக்குக் குளிருது” என்று சொல்லிவிட வேண்டும். கோட்பாட்டளவில் இதில் குறையேதும் இல்லை. நடைமுறையில் ஒரே இடர்ப்பாடு, அப்படிச் சொல்லக்கூடியவர்கள் ஸ்வெட்டர் எடுத்து வருவதில்லை.