இத்துடன் விடைபெறுகிறேன்

உங்கள் குரூப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். எப்போதும் போய்க்கொண்டே இருப்பார். ஆனால் போயிருக்க மாட்டார்.

கோவையில் இருக்கும் நம் அண்ணன் முதன்முதலில் விடைபெற்றது ஆர்க்குட்டிலிருந்து. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2014 செப்டம்பரில் கூகுளே அதை இழுத்து மூடிவிட்டது, எல்லாரும்தான் வெளியே வந்தோம். ஆனால் உருக்கமாக ஒரு பிரியாவிடைக் கடிதம் எழுதிவிட்டு வந்தவர் இவர் ஒருவர்தான். 'கண் கலங்கிடுச்சுங்ணா' என்று நாலு பேர் சொல்லித் தொலைத்தார்கள். அந்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப் போவதாகவும், பிப்ரவரி 8க்குள் எல்லாரும் சம்மதம் தரவேண்டும் என்றும் அறிவித்ததல்லவா? சிக்னல் செயலிக்கு மாறச்சொல்லி ஈலான் மஸ்க் எழுதியது இரண்டே சொல். அண்ணன் எங்கள் குரூப்பில் எழுதியது நான்கு பத்தி, முடிவில் ஒரு வரிசை கும்பிடு பொம்மை. 'என் அந்தரங்கத்தை அமெரிக்காக்காரனுக்கு விற்க நான் தயாரில்லை நண்பர்களே!' என்ற முழக்கம் வேறு. இதற்குச் சில நாள் முன்புதான் தம்முடைய ஆதார் அட்டையை முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் அதே குரூப்பில் போட்டு, 'தம்பி, ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வை' என்று எழுதியிருந்தார். ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பவேண்டியது.

அவரை நம்பி நானும் சிக்னலை இறக்கினேன். 'வணக்கம், இது வேலை செய்கிறதா?' என்று கேட்டு ஒரு செய்தி வந்தது. 'செய்யுதுங்ணா' என்று பதில் போட்டேன். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. மறுநாளும் ஒற்றை டிக். பயந்துபோய், 'அண்ணா, நல்லா இருக்கீங்களா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். உடனே நீல டிக். 'சொல்லு தம்பி!'

வாட்ஸ்அப் அந்தக் கெடுவை மே 15க்குத் தள்ளிவைத்தபோது அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதினார்: 'பாத்தீங்களா, நாம வெளிய போனதும் பயந்துட்டான்.' எதில் எழுதினார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

அப்புறம் கூ செயலியின் முறை. மத்திய அமைச்சர்கள் சிலர் கணக்குத் தொடங்க, இவரும் ட்விட்டருக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கிளம்பினார். 2022 அக்டோபரில் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது மீண்டும் ஒருமுறை அதிலிருந்தே வெளியேறினார். இடையில் எப்போது திரும்பி வந்தார் என்று தெரியாது. வருவதற்கு மட்டும் அவர் அறிவிப்புக் கொடுப்பதில்லை. மாஸ்டடானுக்குப் போனவரை எந்த சர்வர் வேண்டும் என்று அது கேட்க, வாசலோடு திரும்பிவிட்டார். 2023 ஜூலையில் த்ரெட்ஸ். இத்தனைக்கும் கடிதம் ஒன்றேதான், பெயரை மட்டும் மாற்றுவார். த்ரெட்ஸுக்குப் போனபோது அவசரத்தில் மூன்றாவது பத்தியில் 'இனி என்னை கூவில் காணலாம்' என்றே இருந்தது. 2024 ஜூலையில் கூ மூடப்பட்டது. இரங்கல் குறிப்பு எக்ஸில், அதாவது பழைய ட்விட்டரில், வந்தது.

சினிமாவிலும் இதே கதைதான். 2024இல் 'இந்தியன் 2' பார்த்த அன்று தமிழ்ச் சினிமாவுக்கே கும்பிடு போட்டார். மறு வருஷம் ஆகஸ்டில் 'கூலி' வந்தது. தமிழ்நாட்டில் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி என்றதும், அவ்வளவு நேரம் பொறுக்கமுடியாமல் வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போய் விடியற்காலைக் காட்சி பார்த்துவிட்டு வந்தார். நெட்ஃபிளிக்ஸை உதறியதாகவும் ஒரு அறிக்கை உண்டு. மச்சினன் பாஸ்வேர்டை மாற்றிய விஷயம் அதில் இல்லை.

ரஜினி ரசிகரான அவருக்கு அரசியலில் கிடைத்தது ஒரே ஒரு அடிதான், ஆனால் பலமான அடி. 2017 டிசம்பர் 31 அன்று ரஜினிகாந்த் அரசியலுக்கு வருவதாக அறிவித்தார்; 2020 டிசம்பர் 29 அன்று வரவில்லை என்றார். வருகிறேன் என்று சொன்னவர் வராமலிருக்க மூன்று வருஷம் ஆயிற்று. போகிறேன் என்று சொல்லும் இவர் பத்து வருஷத்துக்கு மேலாகப் போகாமலிருக்கிறார். 'இனி ஓட்டே போடமாட்டேன்' என்று அன்றே சொல்லிவிட்டார். ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் காலை ஏழு மணிக்கே மை வைத்த விரலோடு அவர் படம் வந்துவிடும். பிடித்த விஷயத்துக்கு வரிசையில் முதல் ஆளாக நிற்பவர் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

கடைசியாக 2025 செப்டம்பரில் அரட்டை. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் 3,50,000 பேர் சேரத் தொடங்கியதாக ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். அதில் ஒருவர் அண்ணன். அவர் அனுப்பிய லிங்க்கைத் தொட்ட பாவத்துக்கு இன்னொருவன் நான். அரட்டை நல்ல செயலிதான், நம் ஊர்க்காரர்கள் செய்தது, புகார் அதன்மீது இல்லை. அங்கே போய் அரட்டையடிக்க ஆள் வேண்டாமா? அழைத்தவர் வாட்ஸ்அப்பில் உட்கார்ந்து 'எல்லாரும் அரட்டைக்கு வந்தாச்சா?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிரித்தது போதும். இதனால் நஷ்டம் எனக்கு. ஒவ்வொன்றுக்கும் ஓடிபி, ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்ட், போட்டோ வைக்கச் சொல்லி நச்சரிப்பு. சொந்தக்காரர் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் வீடியோ எடுக்கப் போனால் 'இடம் இல்லை' என்கிறது போன். ஒன்றையாவது நீக்கலாமென்றால், 'அதுல ஒரு முக்கியமான விஷயம் அனுப்பியிருந்தனே, பாக்கலையா?' என்று என்றைக்காவது கேட்டுவிடுவாரோ என்ற பயம். இதுவரை கேட்டதில்லை.

அண்ணா, நீங்க தாராளமாப் போங்க. லிங்க் மட்டும் அனுப்பாதீங்க.